கேபிள் மஃப்ளர் பின்னப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேபிள் பின்னல், அதாவது கயிறு முறுக்கின மாதிரி புடைத்து நிற்கிற பின்னல், பழக மஃப்ளர்தான் நல்ல தொடக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். கை வைக்க வேண்டாம், கழுத்து இறக்க வேண்டாம், அகலம் ஒரு அங்குலம் முன்னே பின்னே போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை, நீளமாக ஒரு பட்டையைப் பின்னி முடித்தால் வேலை தீர்ந்தது. ஆனால் ஸ்வெட்டருக்கு இல்லாத ஒரு தொல்லை மஃப்ளருக்கு உண்டு. அதன் பின்பக்கமும் வெளியே தெரியும். ஸ்வெட்டரின் உள்பக்கம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? மஃப்ளரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் ஒரு நுனி அழகான முகத்தையும் இன்னொரு நுனி கரடுமுரடான முதுகையும் காட்டிக்கொண்டு தொங்கும்.

அதனால் நூல் எது, ஊசி எது என்று கடையில் நின்று குழம்புவதற்கு முன்னால், இந்தப் பின்பக்கத்தை என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றது எல்லாம் அதைத் தொடர்ந்து தானாக வந்துவிடும். வீட்டில் பின்னக்கூடிய மூன்று மாதிரிகளை எடுத்துக்கொள்கிறேன். நிட், பர்ல், கண்ணி ஏற்றுவது, இறக்கி முடிப்பது இவ்வளவும் தெரிந்தவர்களுக்காகத்தான் இது. அது தெரியாதவர்கள் முதலில் ஒரு சாதா மஃப்ளர் பின்னிவிட்டு வாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

கேபிள் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் புதிய தையல் எதுவும் கிடையாது. ஊசியில் வரிசையாக நிற்கிற ஆறு கண்ணிகளில் முதல் மூன்றை ஒரு குட்டி ஊசியில் எடுத்து ஒதுக்கி வைத்து, அடுத்த மூன்றை முதலில் பின்னி, அப்புறம் ஒதுக்கினதைப் பின்னுகிறோம். இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒதுக்கினதைத் துணிக்கு முன்னால் பிடித்தால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் பிடித்தால் வலப்பக்கம் சாயும். தலை பின்னத் தெரிந்த யாருக்கும் இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். எட்டு வரிசைக்கு ஒரு தடவைதான் இந்த வேலை, மீதி ஏழு வரிசையிலும் ஊசியில் நிட்டாகத் தெரிவதை நிட்டாகவும் பர்லாகத் தெரிவதை பர்லாகவும் பின்னிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்தப் பின்னலைப் பிரபலமாக்கியது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாயில் இருக்கும் ஆரன் தீவுகள் மூன்றும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மாதிரி இருந்தது, கடலில் இறந்த மீனவரை ஸ்வெட்டரின் பின்னலை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றும். அதற்கு ஆதாரம் கிடையாது, ஸ்வெட்டர் விற்கப் பயன்பட்ட கதை. இன்று நாம் ஆரன் என்று சொல்கிற வகையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. நமக்கு வேண்டியது வேறு விஷயம்: அது ஸ்வெட்டருக்காக வளர்ந்த பின்னல், ஒரு பக்கம் மட்டும் பார்க்கப்படுவதற்காக. புத்தகத்திலும் யூடியூபிலும் கிடைக்கிற கேபிள் மாதிரிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். அதை அப்படியே மஃப்ளருக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் முதுகுப் பிரச்சினையும் சேர்ந்தே வரும்.

முதல் மாதிரி: பர்ல் தரையில் கயிறு

படத்தில் பார்த்து நாம் ஆசைப்படுவது இதைத்தான். பர்ல் கண்ணிகள் பின்வாங்கி நிற்க, நடுவில் நிட் கண்ணிகள் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு வரும். நடுத்தரத் தடிமன் நூலுக்கும் 5 மி.மீ. ஊசிக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 32 கண்ணி. நல்ல பக்கத்தில் 4 நிட், 4 பர்ல், 6 நிட், 4 பர்ல், 6 நிட், 4 பர்ல், 4 நிட். திரும்பி வரும்போது 8 நிட், 6 பர்ல், 4 நிட், 6 பர்ல், 8 நிட். ஐந்தாவது வரிசையில் முதல் முறுக்கு, அப்புறம் 13, 21 என்று எட்டு எட்டாக. முறுக்கு எப்போதும் ஒற்றைப்படை வரிசையில்தான் விழும், அதுவே நல்ல பக்கம், அதனால் எண்ணிக்கை தவறினால் உடனே தெரிந்துவிடும். ஊசியில் முதலில் வருகிற கயிற்றுக்கு மூன்று கண்ணியைப் பின்னால் பிடித்து, அடுத்த கயிற்றுக்கு முன்னால் பிடித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த மாதிரி அமையும்.

ஓரத்தில் இருக்கிற அந்த நான்கு நிட் கண்ணிகளை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் நிட்டாகவே போகிற அந்தப் பட்டைதான் துணியைச் சுருளாமல் தட்டையாகப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு, மஃப்ளர் குழாய் ஆகிவிடும், எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் நிற்காது.

இந்த மாதிரியின் பலம் அதன் கூர்மை. கயிறு பளிச்சென்று தனியாகத் தெரியும், நிழல் விழும், தூரத்தில் இருந்தே கேபிள் என்று சொல்லிவிடலாம். பின்னுவதும் வேகம், ஏனென்றால் நிட்டும் பர்லும் நான்கு ஆறு என்று கூட்டமாக வருகிறது, நூலை முன்னும் பின்னும் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. பலவீனம் முதுகு. பின்பக்கத்தில் கயிறு இருக்கிற இடம் இழுபட்ட பர்ல் மேடாகவும், முறுக்கு விழுந்த இடம் சின்னக் குழியாகவும் தெரியும். அசிங்கம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பரிசாகக் கொடுத்தால் வாங்குகிறவர் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்.

இதே மாதிரியில்தான் இன்னொரு சின்ன உறுத்தலும் வரும். கயிற்றின் இடது ஓரத்து நிட் கண்ணி மட்டும் தொளதொளவென்று பெரிதாக நிற்கும். நிட்டில் இருந்து பர்லுக்கு மாறும்போது நூல் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நூல் தங்கிவிடுகிறது. கயிறு முடிந்த உடனே வருகிற முதல் பர்லைப் பின்னும்போது நூலை நன்றாக இழுத்துவிட்டால் போதும். இரண்டாவது பர்லையும் இழுத்தால் இன்னும் நல்லது.

பின்பக்கத்தை மறைக்க ஒரு வழி, இரண்டு மடங்கு அகலத்தில் பின்னி நீளவாக்கில் மடித்துத் தைப்பது. நூலும் இரண்டு மடங்கு, நேரமும் இரண்டு மடங்கு. ரொட்டி மாதிரி தடித்த ஒரு பொருள் கழுத்தில் கிடக்கும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துணி லைனிங் வைத்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள், அது அழகாக வரும், ஆனால் பின்னல் நீளும், துணி நீளாது, கொஞ்ச நாளில் இரண்டும் ஒத்துப்போகாமல் சுருக்கம் விழும்.

இரண்டாவது மாதிரி: ரிப் மேல் கேபிள்

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு நிட் ஒரு பர்ல் என்று ரிப் பின்னினால் துணி தானாகச் சுருங்கி, இரண்டு பக்கமும் நிட் மட்டுமே கண்ணுக்குத் தெரியும், பர்ல் எல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்த ரிப்பையே ஆறுக்கு ஆறாக இடம் மாற்றினால் முன்னால் மூன்று நிட் வரிகள் மூன்றின் மேல் ஏறிக் குறுக்கே போகும், பின்னாலும் அதே மாதிரி மூன்று மூன்றின் மேல் போகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கேபிள். இது தெரியாமலே பல வருஷம் பின்னிக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய.

கணக்கு இன்னும் சுலபம். 36 கண்ணி. 4 நிட், அப்புறம் ஒரு நிட் ஒரு பர்ல் என்று ஆறு தடவை, 4 நிட், மறுபடி ஒரு நிட் ஒரு பர்ல் ஆறு தடவை, கடைசியில் 4 நிட். போகிற வரிசையும் இதேதான், திரும்பி வருகிற வரிசையும் இதேதான். ஒரே வரியை மனப்பாடம் செய்தால் முழு மஃப்ளரும் முடிந்துவிடும், டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம், பஸ்ஸில் பின்னலாம். ஏழாவது வரிசையில் முதல் முறுக்கு: ரிப் தொடங்கும் இடத்தில் ஆறு கண்ணியைக் குட்டி ஊசியில் எடுத்து முன்னால் தொங்கவிட்டு, அடுத்த ஆறை நிட் பர்ல் நிட் பர்ல் என்று பின்னி, அப்புறம் தொங்குகிற ஆறையும் அதே மாதிரி. இரண்டாவது ரிப்பிலும் அப்படியே. பன்னிரண்டு வரிசைக்கு ஒரு தடவை, அதாவது 7, 19, 31.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு: எந்தப் பக்கத்தில் முறுக்குப் போட்டோம் என்பது மறந்து போகும். தொடங்கியவுடனே முறுக்கு விழுகிற பக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள். ஊக்கு நம்மைப் பார்த்தால் மட்டும் முறுக்கு. அவ்வளவு போதும்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கண்ணிக்குக் கண்ணி நூலை முன்னும் பின்னும் கொண்டுபோக வேண்டியிருப்பதால் வேகம் குறையும், வலது கையால் நூலைச் சுற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும். நூலை இடது விரலில் பிடித்துப் பின்னுகிறவர்களுக்கு அவ்வளவு தெரியாது. ரிப் சுருங்குவதால் நூலும் கூடுதலாக இழுக்கும். 160 செ.மீ. நீளத்துக்கு முதல் மாதிரிக்கு 200 கிராம் போதும் என்றால் இதற்கு 250 கிராம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு கண்ணியை ஒரே மூச்சில் குறுக்கே மாற்றும்போது ஊசியில் இறுக்கம் தெரியும், முதல் முறுக்கில் கண்ணி அறுந்துவிடுமோ என்று பயம் வரும், அறுகாது, அடுத்த வரிசையில் தளர்ந்துவிடும். அப்புறம் முக்கியமானது, முதல் மாதிரி அளவுக்குக் கயிறு புடைத்து நிற்காது. அலை அலையாக மெத்தென்று இருக்கும். அந்தக் கூர்மைதான் வேண்டும் என்பவர்கள் முதல் மாதிரிக்கே போங்கள், தப்பில்லை.

ஆனால் குளிருக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. ரிப் மடிப்புகளுக்குள் காற்று தங்கும், சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான். நாங்கள் இருக்கும் நீலகிரிப் பக்கம் டிசம்பர் ஜனவரியில் விடியற்காலைப் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது வெளியே போகிறவர்களுக்கு, தட்டையான மஃப்ளருக்கும் ரிப் மஃப்ளருக்கும் வித்தியாசம் கழுத்திலேயே தெரியும். டொரன்டோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது: பொய்க் கேபிள்

குட்டி ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு. 42 கண்ணி ஏற்றி இரண்டு பர்ல் இரண்டு நிட் என்று ரிப் பின்னிக்கொண்டு போய், நான்கு வரிசைக்கு ஒரு தடவை அந்த இரண்டு நிட்டை மட்டும் மாற்றிப் பின்ன வேண்டும்: இடது ஊசியில் இரண்டாவதாக நிற்கும் கண்ணியை முதலில் நிட் செய்து, அதை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, முதல் கண்ணியை நிட் செய்து, அப்புறம் இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். மெல்லிய முறுக்குக் கயிறுகள் வரிசையாக எழும்பும். பின்பக்கம் சாதா ரிப் மாதிரி சுத்தமாக இருக்கும். சுருளாது. ஓரப் பட்டை தேவையில்லை. குழந்தைகளுக்கும், மெல்லிய நூலுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இதைப் பின்னிவிட்டுக் கேபிள் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, கயிறும் சணல் பருமன்தான், அதற்கு மேல் வராது.

குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னுவது) மட்டும் தெரிந்தவர்கள் அதிலேயே கேபிள் போட முடியாதா என்று கேட்பார்கள். போடலாம், கம்பத்தைச் சுற்றி எடுக்கிற தையல்களைக் குறுக்கே மாற்றினால் அச்சு அசலாக வரும். ஆனால் நூல் நிறையத் தின்னும், துணி விறைப்பாக இருக்கும். தொப்பிக்கும் பைக்கும் அந்த விறைப்பு நல்லது, கழுத்தைச் சுற்றுவதற்கு ஊசிப் பின்னலே மேல்.

நூல்

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அக்ரிலிக். ஏமாற்று ஒன்றும் இல்லை, பேச்சு வழக்கு அப்படி ஆகிவிட்டது. லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாத லச்சி என்றால் ஒரு சின்னத் துண்டைப் பற்ற வைத்துப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், தீ தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். லூதியானாவில் இருந்து வரும் வர்த்மான், ஓஸ்வால் நூல்களில் அக்ரிலிக்கும் உண்டு, கலப்பும் உண்டு, எது எது என்பது சுற்றியிருக்கும் காகிதத்திலேயே இருக்கும்.

கேபிளுக்கு நூல் நீண்டு கொடுக்க வேண்டும், நீண்டது திரும்பவும் வேண்டும். மூன்று கண்ணி மூன்றின் மேல் தாண்டிப் போகிறதே, அந்த இழுப்பைத் தாங்குவதில் கம்பளிதான் ராஜா. முறுக்கு விழுந்த இடத்தில் ஓட்டை தெரியாமல் நூலே மூடிக்கொள்ளும். கண்ணி தற்செயலாக ஊசியில் இருந்து நழுவினாலும் ஓடாமல் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் மலிவான முரட்டுக் கம்பளி கழுத்தில் குத்தும். இழை சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்தால் தோலில் அரிப்பு வரும், மெரினோ ஆட்டின் கம்பளி பொதுவாக 24 மைக்ரானுக்குள் இருப்பதால்தான் அது மெத்தென்று இருக்கிறது, அதனால்தான் அந்த விலையும். அந்துப்பூச்சி அரிக்கும், அந்துருண்டை போட்டு மூடி வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் மெஷினில் போட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

அக்ரிலிக் எதற்கும் கவலைப்படாது. துவைக்கலாம், கசக்கலாம், பூச்சி தொடாது, விலையும் கைக்கு அடக்கம். குறை என்னவென்றால் வழுக்கும், கொஞ்ச நாளில் உரசுகிற இடமெல்லாம் உருண்டை உருண்டையாகப் பந்து கட்டும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது, சூட்டில் இழை செத்து, புடைத்து நின்ற கயிறு தட்டையாகித் தொங்கும், திரும்ப எழும்பவே எழும்பாது.

பருத்தி வேண்டாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கனம், நீண்டு கொடுக்காது, பன்னிரண்டு கண்ணி மாற்றுவதற்குள் விரல் வலி எடுத்துவிடும், நாலு தடவை போட்டதும் மஃப்ளர் இன்னும் ஒரு சாண் நீளமாகியிருக்கும்.

முதல் கேபிளுக்கு நான் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூலைத்தான் சொல்வேன். கம்பளி பாதிக்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பிடிப்பு வந்துவிடும். தடிமனில் 10 செ.மீ. அகலத்துக்கு 16இல் இருந்து 20 கண்ணி வரும் நூல், வெளிநாட்டு லேபிளில் வர்ஸ்டட் என்றோ ஆரன் என்றோ போட்டிருக்கும், அதுதான் சரி. இதைவிட மெல்லியது அழகாக வரும், பொறுமை வேண்டும். இதைவிடக் குண்டு நூலில் சீக்கிரம் முடியும், ஆனால் ரிப் கேபிள் மெத்தைத் தலையணை ஆகிவிடும். குண்டு நூல்தான் வீட்டில் இருக்கிறது என்றால் முதல் மாதிரியில் ஒரே ஒரு கயிறு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம். ஆரன் ஸ்வெட்டர்கள் சாயம் போடாத பால் நிறக் கம்பளியில் இருப்பது கேபிளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், கேபிள் என்பதே நிழல் விளையாட்டு, வெளிர் நிறத்தில்தான் நிழல் தெரியும். பால் நிறம், வெளிர் சாம்பல், மஞ்சள், இளநீலம் எல்லாம் சரி. கறுப்பில் பின்னினால் கேபிள் இருப்பதே தெரியாது, ராத்திரி டியூப்லைட்டில் கண்ணி எண்ணிக் கண்ணும் கெடும். ஒரே பந்தில் நான்கு நிறம் மாறி மாறி வருகிற நூல் கடையில் கவர்ச்சியாகக் கண்ணை இழுக்கும். அதைச் சாதாப் பின்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேபிளோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எல்லாப் பந்தையும் ஒரே சமயத்தில் வாங்குங்கள், லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) ஒன்றா என்று பாருங்கள். கடைக்காரத் தம்பி "எல்லாம் ஒரே கலர்தான்க்கா" என்பார். கடை வெளிச்சத்தில் ஒரே கலர்தான், வெயிலில் பார்த்தால் நடு மஃப்ளரில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

ஊசி

5 மி.மீ. இங்கேதான் எண் குழப்பம். பழைய இங்கிலாந்துக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். இங்கிலாந்து 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்கா 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கடையில் எட்டாம் நம்பர் கேட்டால் மெல்லிய ஊசிதான் வரும், அட்டை மாதிரி விறைத்த மஃப்ளர் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால் 7 மட்டும் இரண்டிலும் 4.5 மி.மீ. பேசாமல் மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற போனி ஊசிகள் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் செய்பவை. இங்கிலாந்தின் ஸ்டட்லி ஊரில் இருந்த ஊசி நிறுவனத்தின் கிளையாக 1949இல் தொடங்கிய கம்பெனி அது, அதனால் இங்கே இங்கிலாந்து எண்ணே புழங்குவதில் ஆச்சரியம் இல்லை.

நேர் ஊசியா, நடுவில் வயர் வைத்த வட்ட ஊசியா? 36 கண்ணிக்கு நேர் ஊசியே போதும். ஆனாலும் நான் 60 செ.மீ. வட்ட ஊசி பக்கம்தான். பாதிக்கு மேல் மஃப்ளர் கனக்கத் தொடங்கும், நேர் ஊசியில் அந்தக் கனம் முழுவதும் மணிக்கட்டில் விழும், வட்ட ஊசியில் மடியில் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை முழங்கையால் இடிக்கவும் வேண்டாம். நூல் வழுக்குகிற அக்ரிலிக் என்றால் மூங்கில் ஊசி, நூலே பிடிக்கிற கம்பளி என்றால் உலோக ஊசி. இரண்டும் வழுக்கினால் முறுக்குப் போடும்போது கண்ணி குதித்து ஓடும், இரண்டும் பிடித்தால் ஒவ்வொரு கண்ணியையும் தள்ளித் தள்ளி நகர்த்த வேண்டும்.

கேபிள் ஊசி என்று தனியாக விற்கிறார்கள், நேராக ஒன்று, நடுவில் வளைந்தது ஒன்று, கொக்கி மாதிரி ஒன்று. ரிப் மாதிரிக்குக் கொக்கிதான் நல்லது, ஆறு கண்ணியும் விழாமல் தொங்கும். கிடைக்கவில்லையா, கொண்டை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பூச்சு இல்லாத, வழவழப்பான தடித்த கம்பி ஊசி. ஒரு காலில் ஆறு கண்ணியை ஏற்றித் தொங்கவிட்டுவிட்டு, முறை வரும்போது அவற்றை இடது ஊசிக்கே திரும்ப மாற்றிப் பின்னலாம். ஊசியே இல்லாமல் கண்ணியை விரலால் கிள்ளிப் பிடித்து முறுக்குப் போடும் வித்தையும் உண்டு. கம்பளி நூலில், மூன்றுக்கு மூன்று கயிற்றில், நன்றாகப் பழகினவர்களுக்கு அது வேகம். வழுக்கும் அக்ரிலிக்கில் ஆறு ரிப் கண்ணிகளை அப்படி அந்தரத்தில் விடுவது வேண்டாத வீரம்.

இதில் எதை எடுத்தாலும்

முறுக்கு மறந்துபோய் நான்கு வரிசை தாண்டிவிட்டால் முழுவதும் பிரிக்க வேண்டாம். அந்தக் கயிற்றின் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியில் இருந்து இறக்கி, முறுக்கு விழ வேண்டிய வரிசை வரை பிரித்துக்கொண்டு போய், இடம் மாற்றி, தொங்குகிற ஏணிக் கம்பிகளை வைத்தே ஒவ்வொரு வரிசையாகத் திரும்பப் பின்னி மேலே வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், வேலை கால் மணி நேரம்தான். முதல் மாதிரியில் இது சுலபம், எல்லாம் நிட். ரிப் மாதிரியில் நிட்டும் பர்லும் கலந்து வருவதால் இதுவே தலைவலி. அங்கே வரிசையோடு பிரித்துவிடுவதே மேல். எண்ணிக்கையில் கவனம் சிதறுகிறவர்கள் தங்கள் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முறுக்கு போட்ட ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஊக்கு.

முதல் மாதிரியில் இரண்டு நுனியும் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். கயிறு துணியைச் சுருக்கி இழுக்கிறது, ஏற்றிய வரிசையில் அந்தச் சுருக்கம் இல்லை. கயிற்றுக்கு ஒரு கண்ணி குறைத்து 30 ஏற்றி, முதல் முறுக்குக்கு முந்தைய வரிசையில் கயிற்றுக்குள்ளேயே ஒவ்வொரு கண்ணி கூட்டி 32 ஆக்குங்கள், முடிக்கும்போது அதே மாதிரி குறையுங்கள். ரிப் மாதிரியில் இது அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இறக்கி முடிக்கும்போது கையைத் தளர்த்துங்கள்.

சென்னையில் மார்கழி நடைப்பயிற்சிக்கும் வருஷத்துக்கு ஒரு ஊட்டிப் பயணத்துக்கும்தான் மஃப்ளர் என்றால் அக்ரிலிக்கில் பொய்க் கேபிளே தாராளம், மெரினோவில் காசைக் கொட்டாதீர்கள். சுவரில் மாட்டுகிற மாதிரி, போட்டோவில் நிற்கிற மாதிரி வேண்டும் என்றால் முதல் மாதிரி, பால் நிறம். தினமும் குளிரில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கும், யாருக்காவது பரிசாகக் கொடுப்பதற்கும் ரிப் கேபிள், கலப்பு நூல்.

பின்னி முடித்ததும் கம்பளியோ கலப்போ என்றால் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். அக்ரிலிக் என்றால் சும்மா துவைத்துக் காயப்போட்டால் போதும். வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் எந்த நூல், எப்படித் துவைப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மெரினோ மஃப்ளரை ஜீன்ஸோடு சேர்த்து மெஷினில் சுடுதண்ணீர்ச் சுற்றில் போட்டுவிட்டு, "அம்மா, இது பொம்மைக்கா?" என்று போட்டோ அனுப்புவார்கள்.